கேட்டவர்களின் வரலாறு: கரிசல் வட்டாரத்தில் நற்செய்தி அறிவிப்பு



கிறிஸ்தவ நற்செய்தி அறிவிப்பும் கரிசல் வட்டாரமும் என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். இதைப் பற்றி வெளிவந்த நூல்களில் பெரும்பாலானவை சொன்னவர்களின் வரலாறாகவே இருக்கின்றன. எந்தக் குருவானவர் எந்த ஆண்டில் கப்பலேறினார், எந்த ஊரில் கூடாரம் அடித்தார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்றுதான் அவை போகும். எதிர்த்து எழுதியவர்களும் இதே தடத்தில் நடந்தவர்கள்தாம். வெளியிலிருந்து வந்தார்கள், ஆசை காட்டினார்கள், மாற்றினார்கள் என்று முடித்துவிடுவார்கள். புகழ்கிறவர் கணக்கிலும் சரி, பழிக்கிறவர் கணக்கிலும் சரி, கேட்டவருக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் மாற்றப்பட்டவர், அவ்வளவுதான்.

நான் கேட்டவரின் பக்கத்திலிருந்து பேசப் போகிறேன். கரிசலில் நற்செய்தி பரவியதையும் பரவாமல் நின்றதையும் தீர்மானித்தவர்கள் கேட்டவர்களே. அவர்கள் எடைபோட்டார்கள், சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள், சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதை ஒப்புக்கொண்டால் சுவிசேஷம் சொல்லுகிற முறை பற்றியும், அதைத் தடுக்க நினைக்கும் சட்டங்கள் பற்றியும் நம் பேச்சு மாறும். இதுவே இன்றைய சொற்பொழிவின் மையக் கருத்து.

விதைக்கிறவன் உவமை வேதாகமத்தில் வருகிறது. கரிசலைப் பற்றிப் பேச வந்தவர் அதை எடுக்காமல் விடுவதில்லை. நான் விடுகிறேன். மண் தனக்குள் எந்த விதை விழ வேண்டும் என்று முடிவு செய்வதில்லை. மனிதர் முடிவு செய்கிறார். இந்த ஊர்க்காரர்களை மண்ணாகப் பார்த்ததுதான் பல பழைய நூல்களின் குறை.

1. கேட்டுப் பழகிய வட்டாரம்

சுவிசேஷம் வந்தபோது கரிசல் வெற்றிடமாக இருக்கவில்லை. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அங்கே அடங்கியிருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் அங்கேதான் மறைந்தார். 1882இல் பாரதி அங்கே பிறந்தார். நபியின் வரலாறு, நவாவரண கீர்த்தனை, சக்தி பாடல் ஆகிய மூன்றையும் ஒரே சிறிய ஊர் கேட்டிருக்கிறது. கழுகுமலைக்குப் போனால் ஒரே குன்றில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வெட்டுவான் கோயிலும் இருக்கின்றன. அடிவாரத்தில் முருகன் இருக்கிறான். புதிய சமயச் சொல்லைக் கேட்டுப் பழகிய மக்கள் இவர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். ரெட்டியார், கம்மவார், கம்பளத்தார் குடிகள் நிறைந்த ஊர்கள் இவை. மேடைத் தமிழில் ஒருவர் பேசினால் அதைத் தம் வீட்டு மொழிக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கிற பழக்கம் இங்கே இயல்பாகவே இருக்கிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் அப்படிப்பட்ட ஊர்தான். அங்கே கதை சொல்லும்போது எதிரில் ஒருவர் "ஊம்" கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் கதை ஓடாது. ஆனால் ஊம் கொட்டுகிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்; கதையை நம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. நற்செய்தி சொல்ல வந்த பலர் இந்த ஊம் ஒலியைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அறிக்கை எழுதினார்கள். பிறகு ஏமாந்தார்கள்.

2. வீரமாமுனிவரும் வேதியர்களும்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் காமநாயக்கன்பட்டி இருக்கிறது. பரலோக மாதா ஆலயத்தின் ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு இங்கிருந்து சாதி, சமயம் பாராமல் மக்கள் போவதை நீங்கள் அறிவீர்கள். மதுரை மறைத்தளத்தின் பழைய மையங்களில் அது ஒன்று. 1680இல் இத்தாலியில் பிறந்து 1710இல் இந்தியா வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், தொடக்க காலத்தில் இந்த ஊரில் பணி செய்தார். பக்கத்துக் குருக்கள்பட்டியில் அவர் பிடிக்கப்பட்டு மரண தண்டனை வரை போய் மீண்டது அதை ஒட்டிய காலத்தில்தான். கரிசல் அவருக்குக் கொடுத்த முதல் பாடம் எதிர்ப்பு.

தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குருவின் கதை பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் சொல்ல விரும்புவது அதிகம் பேசப்படாத இன்னொரு நூலை. 1727இல் அவர் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். குருக்களுக்குத் துணையாக ஊர் ஊராகப் போதித்த உள்ளூர்க்காரர்களுக்கு அன்று வேதியர் என்று பெயர். அவர்களுக்கான நூல் அது.

ஏன் அந்த நூல் தேவைப்பட்டது? ஒரு குருவின் பொறுப்பில் ஏராளமான ஊர்கள் இருந்தன. ஆண்டில் சில நாள்தான் ஓர் ஊரில் அவரால் தங்க முடியும். மற்ற நாளெல்லாம் செபம் கற்றுக்கொடுத்தவர், பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தவர், சாகக் கிடப்பவர் அருகில் நின்றவர், சண்டை தீர்த்தவர் எல்லாம் வேதியரே. அவருடைய குடும்பம் அந்த ஊரில் இருந்தது. அவர் பொய் சொன்னால் அடுத்த சந்தை நாளுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே போதகத்தைவிட ஒழுக்கத்தைப் பற்றித்தான் அவருக்கு எழுத வேண்டியிருந்தது. கேட்கிறவர் சொல்லுகிறவரின் வீட்டு வாசலையும் சேர்த்துப் பார்க்கிறார் என்பதை வீரமாமுனிவர் விளங்கிக்கொண்டிருந்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த அறிவு இன்றும் பழையதாகிவிடவில்லை.

3. ராக்லண்டின் கூடாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதி கிறிஸ்தவத்தால் மாறிப் போயிருந்தது. 1778இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையாரின் ஞானஸ்நானத்தோடு தொடங்கிய சபை, 1799இல் முதலூரைக் கண்டு, மிஷனரி ரேனியஸ் காலத்தில் பெருகி, மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி என்று ஊர் ஊராக வளர்ந்தது. வடக்கே கரிசலில் நிலைமை வேறு. சிவகாசி, சாத்தூர் பக்கம் புரோட்டஸ்டண்ட் சபை கால் ஊன்றியிருக்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஃபெல்லோ, சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் சென்னைச் செயலாளர். அந்த நாற்காலியை விட்டுவிட்டு, டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரு இளைஞர்களோடு 1854இல் வட திருநெல்வேலியில் சுற்றுப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பங்களா கட்டவில்லை. கூடாரத்தில் தங்குவது, காலையும் மாலையும் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்ப் பேசுவது, சில நாளில் கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடம் போவது என்பது ஏற்பாடு. தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாதமுறை வைத்து, தங்கள் செலவில், இவர்களுக்குத் துணையாக அனுப்பின. தமிழ்ச் சபைகள் தாங்களே காசு போட்டு ஊழியரை வேற்றிடம் அனுப்பிய தொடக்க முயற்சிகளில் இது முக்கியமானது.

கரிசலில் கூடாரம் அடிப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கோடையில் நிலம் வெடித்து வாய் பிளந்து கிடக்கும். மழையில் கால் வைத்தால் செருப்பு வராது. நான்கு ஆண்டுகள் இப்படி அலைந்த ராக்லண்ட் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் நுரையீரல் நோயால் இறந்தார். அவர் கண்ணால் பார்த்த பலன் மிகக் குறைவு. கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாக வேண்டும் என்ற இயேசுவின் சொல்லைத் தம் ஊழியத்தின் விதியாக ஏற்றுக்கொண்டவர் என்று கிறிஸ்தவர்கள் அவரை நினைவுகூர்கிறார்கள். பின்னாளில் திருநெல்வேலியில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1922இல் அவர் வாழ்க்கையை நூலாக எழுதினார்.

இது அவர் பக்கத்துக் கதை. அவர் பேச்சைக் கேட்ட சிவகாசிக்காரர், சாத்தூர்க்காரர் ஏன் சேரவில்லை? சபை நூல்கள் கல்நெஞ்சம் என்று சொல்லிக் கடந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தெற்கே தேரி மணலில் பனையேறி வாழ்ந்த நாடார் குடும்பங்களுக்கு நிலம் இல்லை, வழக்கு மன்றத்தில் குரல் இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. குருவானவர் வந்தபோது இவையெல்லாம் சேர்ந்து வந்தன. தனித்தனி ஆளாக அல்ல, ஊரோடு சேர்ந்து முடிவெடுத்துப் போனார்கள். வடக்கே அதே சாதி வணிகத்தில் இறங்கியிருந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்ற ஆறு ஊர்களிலும் பேட்டை இருந்தது, மகமை இருந்தது, உறவின்முறை இருந்தது. வரி போட்டுக்கொள்ளவும் தீர்ப்புச் சொல்லவும் ஓர் அமைப்பு அவர்கள் கையிலேயே இருந்தது. ராக்லண்ட் ஆத்துமாவைப் பற்றிப் பேசினார். கூடவே அவர் கொண்டுவந்த ஒழுங்கும் கூட்டுறவும் அவர்களிடம் ஏற்கெனவே வேறு வடிவில் இருந்தன. மரியாதையாகக் கேட்டார்கள்; அனுப்பிவைத்தார்கள். இதற்குப் பெயர் கல்நெஞ்சம் அல்ல. யோசித்துச் சொன்ன மறுப்பு.

4. பஞ்சமும் பிடி அரிசியும்

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்தக் கணக்கை மாற்றியது. 1877 மார்ச் 11 அன்று திருநெல்வேலி மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜெண்டும் ஆயர்களாக அபிஷேகம் பெற்றார்கள்; அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தார்கள். நாகலாபுரம், புதியம்புத்தூர் போன்ற கரிசல் ஊர்களிலும் எஸ்.பி.ஜி. மிஷனரிச் சங்கத்தின் மையங்கள் இருந்தன. கஞ்சிக்காக வந்த கிறிஸ்தவர்கள் என்ற ஏச்சு அப்போதிருந்தே தொடர்கிறது.

இந்த ஏச்சில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. சேர்ந்தவர் எல்லோரும் நிலைக்கவும் இல்லை. மக்கள் பல நோக்கங்களோடு வருகிறார்கள் என்பதைக் கால்டுவெல்லே பஞ்சத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார். ஆனால் மறுபாதியைப் பாருங்கள். பசித்தவன் ஒருவன், யார் நம்மை எட்டிப் பார்க்கவில்லை, யார் வாசல்வரை வந்தார்கள் என்று கவனித்து, வந்தவர்களோடு சேர முடிவு செய்கிறான். இதைச் சோற்றுக்கு விலைபோனது என்று வயிறு நிறைந்தவர்கள் சொல்லலாம். அவனைப் பொறுத்தவரை யாரை நம்பலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேறு இல்லை. ஆயினும் சொல்லுகிறவருக்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உணவும் உபதேசமும் ஒரே கையால் ஒரே நேரத்தில் நீட்டப்படும்போது, எடுத்துக்கொள்கிறவர் எதை எடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்னாளில் அவருடைய உண்மையான விசுவாசமும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இதே காலத்தின் இன்னொரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. திருநெல்வேலிச் சபைப் பெண்கள் சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியை ஊழியத்துக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். விருதுநகரில் 1889இல் உறவின்முறை தொடங்கிய சத்திரிய வித்தியாசாலையும் வீட்டுக்கு வீடு வசூலித்த பிடி அரிசியால் வளர்ந்தது. காமராசர் படித்த பள்ளி அது. பாதிரியார்களின் பள்ளிக்கூடம் சாதித்ததைக் கண்ட சமூகம் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டது; ஞானஸ்நானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நற்செய்தி அங்கே தோற்றதா, ஜெயித்ததா? சபைப் பதிவேட்டைப் பார்த்தால் தோல்வி. ஊரைப் பார்த்தால் அப்படிச் சொல்லிவிட முடியாது.

5. கழுகுமலை, 1895

இனி, இந்த வட்டாரம் மறக்க விரும்பும் செய்திக்கு வருகிறேன்.

கழுகுமலைக் கோயில் எட்டயபுரம் ஜமீன் ஆதிக்கத்தில் இருந்தது. வணிகத்தால் உயர்ந்த நாடார்கள் தங்கள் ஊர்வலங்களைத் தேர்வீதிகளில் கொண்டுபோகும் உரிமை கேட்டார்கள். மறுக்கப்பட்டது. அந்த நிலையில் அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்கள். தேர்வீதியில் ஒரு கட்டடம் சிற்றாலயமாயிற்று. 1895 பங்குனி உத்திரத் தேரோட்டத்தில் மோதல் வெடித்தது. ஜமீன் மேலாளரும் நாடார்கள் பலரும் உயிரிழந்தார்கள், வீடுகள் எரிந்தன. நான்கு ஆண்டு கழித்து 1899இல் சிவகாசிக் கலவரம். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1897இல் தொடங்கி, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இந்த நெடிய துயரத்தைத்தான் கோவில்பட்டிக்காரரான பூமணி அஞ்ஞாடி நாவலில் எழுதினார். அதற்கு 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கழுகுமலையில் மதம் மாறியவர்கள் திரித்துவத்தை ஆராய்ந்து மாறினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தேர்வீதியில் நடக்கும் உரிமைக்காக மாறினார்கள். அதற்காக அது பொய்யான மாற்றம் ஆகிவிடாது. கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்ற செய்தியைக் கேட்ட ஒருவர், அப்படியானால் தெருவிலும் சமம்தானே என்று முடிவுக்கு வந்தால், அவர் செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று எப்படிச் சொல்வது? சொன்னவர்கள் நினைத்ததற்கு மேலாகவே புரிந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சபைக்குள்ளும் அந்தச் சமத்துவம் எளிதில் வரவில்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இன்றும் தலித் கிறிஸ்தவர்கள் இருபுறமும் இழக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் சாதி அவர்களைத் தொடர்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி உரிமையும் அவர்களுக்கு இல்லை. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு கிறிஸ்தவர்களுக்குத் திறக்கவில்லை. ஆசைக்காக மாறுகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

6. கேட்டவர் சொல்பவரானபோது

1903ஆம் ஆண்டு இரண்டு வகையில் முக்கியமானது. பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. இந்தியரின் பணம், இந்தியரின் ஆள், இந்தியரின் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. சங்கம் ஊழியம் செய்யத் தேர்ந்த இடம் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல், தெலுங்கு நாடு. 1912இல் அசரியா அங்கே ஆயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவர்தான்.

அதே 1903இல் ஏமி கார்மைக்கேலின் 'உள்ளது உள்ளபடி' என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்புடைய நூல் லண்டனில் வெளிவந்தது. பொன்னம்மாள் முதலிய தமிழ்ப் பெண்களோடு திருநெல்வேலி ஊர்களில் அலைந்த அனுபவம் அது. மறுத்தவர்களையும், கதவை மூடியவர்களையும், விரும்பியும் வர முடியாத பெண்களையும் பற்றித்தான் அதில் அதிகம். மனச்சோர்வு தரும் என்று கையெழுத்துப் படி முதலில் திரும்பி வந்ததாம். ஞானஸ்நான எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பழகிய இங்கிலாந்து வாசகர்களுக்கு, கேட்பவரும் ஒரு மனிதர் என்று சொன்ன அபூர்வமான நூல் அது.

தோர்ணக்கல்லில் நடந்தது இன்னும் பெரிது. தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்களே தங்கள் உறவினர்களுக்குச் சொல்பவர்கள் ஆனார்கள். குடியை விட்டவர், எழுத்தறிந்தவர், வீட்டைச் சுத்தமாக வைத்தவர் என்று அவர்களுடைய மாற்றத்தைப் பார்த்து ஊர்ச் சாதியினரும் பின்னாளில் வந்தார்கள். காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது இங்கேதான். 1936இல் அமெரிக்க மிஷனரித் தலைவர் ஜான் மாட்டிடம் பேசியபோது, ஹரிஜனங்கள் சமயப் போதனையை ஆராய்ந்து தெரிந்தெடுக்கும் நிலையில் இல்லை என்ற பொருளில் காந்தி சொன்னது பெரும் வருத்தத்தை உண்டாக்கியது. காந்தியின் அச்சம் நியாயமானது. கல்வியையும் மருந்தையும் காட்டி மதம் சேர்ப்பதை அவர் எதிர்த்தார். ஆனால் அந்த மக்களுக்கு முடிவெடுக்கும் அறிவு இருக்கிறது என்ற இடத்தில் நின்றவர் அசரியா. இந்த ஒரு விஷயத்தில் என் வாக்கு அசரியாவுக்கே.

7. சட்டத்தின் முன்னே

இந்த விவாதம் அரசியல் நிர்ணய சபைக்கும் போயிற்று. இன்றைய 25ஆம் பிரிவு அன்று வரைவில் 19ஆம் பிரிவு. சமயத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் மட்டுமின்றிப் பரப்பவும் உரிமை தர வேண்டுமா என்று 1948 டிசம்பர் 6 அன்று வாதிட்டார்கள். நம் சென்னை மாகாணத்திலிருந்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆதரித்துப் பேசினார். எட்டயபுரத்து நாவலர் சோமசுந்தர பாரதியாரின் மருமகன் எல். கிருஷ்ணசாமி பாரதியும் அந்த விவாதத்தில் எழுந்து பேசியவர். பரப்பும் உரிமை சட்டத்தில் இடம் பெற்றது. அது கிறிஸ்தவருக்கு மட்டும் கிடைத்த சலுகை அல்ல; சைவருக்கும் இஸ்லாமியருக்கும் பகுத்தறிவாளருக்கும் உள்ள உரிமை.

1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. தன் சமயக் கருத்தை எடுத்துச் சொல்ல உரிமை உண்டு. இன்னொருவரை மாற்றுவது ஓர் உரிமை அல்ல என்றது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இல் அதைக் கொண்டுவந்த அரசே திரும்பப் பெற்றது.

இந்தத் தீர்ப்பும் சட்டமும் மாற்றுகிறவர், தடுக்கிறவர் என்ற இருவரைப் பற்றியே பேசுகின்றன. மாறுகிறவரின் உரிமை நடுவில் காணாமல் போய்விடுகிறது. கட்டாயம், மிரட்டல், ஏமாற்று ஆகியவற்றைத் தண்டிக்கத்தான் வேண்டும். அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வயது வந்த ஒருவர் தம் மனச்சாட்சியை அதிகாரியிடம் கொண்டுபோய் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லும்போது, பழைய மிஷனரி அறிக்கை செய்த அதே தவற்றைச் சட்டமும் செய்கிறது. அவரைப் புத்தியில்லாதவராக நினைக்கிறது.

8. இன்று சொல்ல வேண்டியது

சொற்பொழிவின் முடிவுக்கு வருகிறேன். இந்த அவையில் சபை மக்கள் இருக்கிறீர்கள். சுவிசேஷம் சொல்வது உங்களுக்குக் கட்டளை. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் இந்த வட்டார வரலாறு உங்களுக்கு மூன்று செய்திகளை வைத்திருக்கிறது.

ஒன்று, சொல்லுகிறவரின் வீட்டு வாசல் பிரசங்கத்தைவிடச் சத்தமாகப் பேசும். வெளியூரிலிருந்து வேனில் வந்து, ஒலிபெருக்கி கட்டி, கைப்பிரதி வீசிவிட்டு ராத்திரியே போய்விடுகிறவரைக் கரிசல் என்றும் நம்பியதில்லை. ஊரிலேயே இருந்து, தீப்பெட்டி ஆபீசில் கூட வேலை பார்த்து, சாவு வீட்டில் பந்தல் கால் நடுகிறவரின் சொல்லைத்தான் அது கேட்டிருக்கிறது.

இரண்டு, கேட்கிறவர் வணங்கும் தெய்வத்தை இழிவாகப் பேசி எந்த நல்ல செய்தியையும் சொல்ல முடியாது. அவருடைய அம்மாவும் அப்பாவும் கும்பிட்ட சாமி அது. அதை ஏசிவிட்டு அன்பைப் பற்றிப் பேசினால் ஏச்சு மட்டும்தான் அவர் காதில் நிற்கும்.

மூன்று, முடியாது என்று ஒருவர் சொன்னால் அந்த முடியாது என்பதற்கு மரியாதை கொடுங்கள். அதற்குப் பிறகும் அவர் பிள்ளைக்கு ட்யூஷன் சொல்லிக் கொடுங்கள். அவர் தாய்க்கு ரத்தம் தேவைப்பட்டால் கொடுங்கள். மறுத்தவரிடமும் அதே நட்பு நீடித்தால் மட்டுமே முதலில் காட்டிய நட்பு தூண்டில் இல்லை என்று நிரூபணமாகும்.

இந்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சபைக்குப் போகத் தொடங்கினால், யார் மாற்றினார்கள் என்று தேடும் முன், அவர் என்ன தேடினார், நம் தெருவில் அது ஏன் அவருக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். கழுகுமலையில் 1895க்கு முன்னால் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராக்லண்டைப் பற்றி எழுத பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சி.எம்.எஸ். ஆவணங்கள் இருக்கின்றன. வீரமாமுனிவர் போன்ற இயேசு சபையாரைப் பற்றி எழுத சண்பகனூரில் சேர்த்து வைத்த கடிதங்கள் இருக்கின்றன. கேட்டவர்களைப் பற்றி எழுத ஆவணம் எங்கே? கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், நாகலாபுரம், கயத்தாறு பக்கத்துச் சிற்றாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெயர்களாக இருக்கிறார்கள். செல்லரித்த உபதேசியார் டைரிகளில் இருக்கிறார்கள். மாறிய குடும்பத்துக் கிழவியின் நினைவிலும் மாறாத குடும்பத்துக் கிழவரின் நினைவிலும் இருக்கிறார்கள். பதிவேடுகளைச் சபையின் அனுமதியோடு படம் எடுத்துச் சேமியுங்கள். இரண்டு வகைக் குடும்பத்தாரிடமும் ஏன் போனீர்கள், ஏன் போகவில்லை என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள். சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.